பீரோவில் விட்டுவந்த பன்னிரண்டு அட்டை

ஹீத்ரோவில் சுங்க அதிகாரி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியில் என்ன இருக்கிறது, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்க ஒரு நாதி இல்லை. இந்த மாதிரி மனிதருக்குப் பயந்தா அந்தக் காரியத்தைச் செய்தேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

என்ன காரியம் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், மருத்துவக் காப்பீட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரி பில்லோடு வருகிற விண்ணப்பங்களைப் படித்து, இதற்குக் கொடுக்கலாம், இதற்குக் கூடாது என்று எழுதுவது என் வேலை. 2005 மார்ச்சில் லண்டனில் இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகவேண்டியவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார், அடுத்த சீனியர் நான். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என்னோடு வேலை பார்க்கும் கமலா, "எங்க மாடி வீட்ல ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்காங்க மேடம், அவங்க தங்கச்சி லண்டன்லதான். அங்கயே தங்கிடுங்க" என்று ஏற்பாடு செய்தாள். அந்தத் தங்கைதான் மலர்.

கிளம்புவதற்கு முதல் நாள் மலரின் அக்கா ஒரு பார்சல் கொடுத்தனுப்பினாள். மிளகாய்த்தூள், அரிசிமா, பிள்ளைகளுக்குச் சட்டை. அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். 'பெட்டியை நீயேதான் கட்டினாயா' என்று விமான நிலையத்தில் கேட்பார்களாமே என்று பிரித்துப் பார்த்தேன். கருத்தடை மாத்திரை, பன்னிரண்டு அட்டை. எனக்கு வயது ஐம்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. மீனம்பாக்கத்தில் ஒரு காக்கிச்சட்டை அந்த அட்டைகளை வெளியே எடுத்து மேஜையில் பரப்பி, "மேடம், இதெல்லாம் உங்களுக்கா?" என்று கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் கூசியது. பொட்டலத்தைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். லண்டனில் கிடைக்காத மாத்திரையா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

விமான நிலையத்துக்கு மலரின் கணவர் குகன் வந்திருந்தார். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர், கண் இரண்டும் சிவந்திருந்தன. அவர்கள் வீடு இருக்கும் செவன் கிங்ஸ் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வழியில் ஒரு லாரி கவிழ்ந்திருந்தது. நம் ஊரென்றால் எல்லோரும் இறங்கிப் போய் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்போம். இங்கே அவரவர் காருக்குள் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குகன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஐந்து நிமிஷம் தூங்கியே விட்டார்.

மலர் முப்பது வயது இருப்பாள். ஒல்லி, வேகமான கை. வந்ததும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்தாள். நான் சாப்பிடும்போதே பார்சலைப் பிரித்தாள். மிளகாய்த்தூளை முகர்ந்து பார்த்தாள். சட்டைகளை உதறினாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பிறகு குகன் குளிக்கப் போகும்வரை காத்திருந்து, மெல்லக் கேட்டாள்.

"அக்கா, இன்னொரு சாமானும் தந்துவிட்டதெண்டு எங்கட அக்கா சொன்னவ. உங்கட பெட்டிக்குள்ள கிடக்கோ?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். பீரோ, பட்டுப்புடவை எல்லாம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. சிங்க்கில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கடைசி அட்டையில ஐஞ்சு குளிசைதான் அக்கா கிடக்கு. வெள்ளிக்கிழமையோட முடியுது."

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் சென்னையில் பிறந்தவர்கள். குகன் லண்டனில் இருக்க, மலர் வளசரவாக்கத்தில் அக்காவோடு இருந்தாள். சின்னவன் பிறந்தபோது இரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு நாள் கிழித்துப் போட்ட துணியாகக் கிடந்திருக்கிறாள். இன்னொன்று வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

"அப்பவே ஒப்பரேஷனைச் செய்துவிடுங்கோ எண்டு கெஞ்சினனான். புருஷன்ர கையெழுத்து வேணுமாம். இவர் இஞ்ச இருந்து ஃபாக்ஸ் அனுப்பினவர், அது வந்து சேரேல்லை. பிறகு தையல் போட்டு அனுப்பிவிட்டினம்."

லண்டனுக்கு வந்து ஒன்றரை வருஷம். அன்று முதல் அக்கா அனுப்புகிற அட்டைதான். ஊருக்குப் போய்வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், ஒரு கோயில் ஐயர் உட்பட. வெட்கப்பட்டு வேலையைக் கெடுத்தவள் நான் ஒருத்திதான்.

திங்கட்கிழமை காலை ரயிலில் பயிற்சி நடக்கும் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன். ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டியதும் சிக்னல் கோளாறு என்று வண்டி நின்றது. முப்பது நிமிஷம். எதிரில் இருந்த பெண் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இமைக்கு மை தீட்டி முடித்து, உதட்டுக்கு வந்து, அதையும் முடித்துவிட்டாள். தாம்பரம் வண்டி இப்படி நின்றால் இதற்குள் ஆட்சியே மாறியிருக்கும். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பயிற்சியில் ஏழெட்டு நாட்டிலிருந்து பன்னிரண்டு பேர். நடத்தியவர் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரி, பழைய வாத்தியார்களைப் போலச் சாக்பீஸ் தூள் அடைத்த குரல். மதியம் ஜில்லென்று வெள்ளரிக்காய் சாண்ட்விச் கொடுத்தார்கள். பக்கத்தில் டெப்ரா என்ற அமெரிக்கக்காரி. தொழிற்சங்கத்துக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுகிறவள். அன்று பேச்சு, காப்பீட்டில் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பது. டெப்ரா எழுந்துவிட்டாள்.

"எங்கள் ஊரில் ஆண்களின் வீரிய மாத்திரைக்குப் பல கம்பெனிகள் மறுபேச்சில்லாமல் கொடுத்தன. பெண்களின் கருத்தடை மாத்திரை என்றால் மட்டும் அது நோய் இல்லை, உன் சொந்த விருப்பம் என்றன" என்றாள். சில மாநிலங்களில் சட்டம் போட்டுக் கொடுக்க வைத்திருக்கிறார்களாம். அதை எதிர்த்து, எங்கள் ஊழியர்களுக்கு அதை வாங்கிக் கொடுப்பது எங்கள் மதத்துக்கு விரோதம் என்று சில நிர்வாகங்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கின்றனவாம். "பத்து வருஷமாக இதையே பேசுகிறேன். எனக்கே என் குரல் அலுத்துவிட்டது" என்று உட்கார்ந்தாள். அந்த அலுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளைக்காரர் தொண்டையைச் செருமினார். இங்கே இன்ஷூரன்ஸ் பேச்சே இல்லை, வரிப்பணத்தில் எல்லோருக்கும் இலவசம் என்றார். "ஆனால் எங்களுக்கும் சண்டை உண்டு. பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு அப்பா அம்மாவிடம் சொல்லாமல் மாத்திரை கொடுக்கலாமா என்று பத்திரிகைகள் வாரம் தவறாமல் கத்துகின்றன." பிறகு என்னைப் பார்த்து, "இந்தியாவில் எப்படி?" என்றார்.

எனக்கு அது மனப்பாடம். பாலிசியின் விலக்குப் பட்டியலை ஒப்பித்தேன். கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்பு, கருத்தடை, அவற்றால் வரும் எந்தத் தொல்லையும். ஏன் என்று டெப்ரா கேட்டாள். "அது நோய் அல்ல" என்றேன். யாரும் ஆட்சேபிப்பதில்லையா என்றாள். "ஆட்சேபித்து எழுதுவார்கள், நாங்கள் பதில் எழுதுவோம்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தமாஷாகச் சொல்லவில்லை.

யோசித்தால் நம் ஊர்க் கதையும் ஒரு தினுசுதான். சர்க்கார் ஊர்ச்சுவர் முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்து, வா, வந்து ஆபரேஷன் செய்துகொள் என்று கையைப் பிடித்து இழுக்கிறது. அதே பெண் எங்களிடம் ஒரு பில்லை நீட்டினால் இது நோயா என்று கேட்கிறோம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மலரை இல்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடைக்கு அழைத்துப் போனேன். நானே கெடுத்ததை நானே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை. எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் அட்டையைக் காட்டினால் போதும், ஏன் என்றுகூடக் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். இங்கே கவுண்டருக்குப் பின்னால் ஒரு குஜராத்திப் பெண். கனிவாகத்தான் பேசினாள்.

"டாக்டர் சீட்டு இல்லாமல் தரமுடியாது. ஆனால் நீங்கள் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? ஃபாரஸ்ட் கேட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் போனால் இலவசமாகவே கொடுப்பார்கள்."

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதுமே மலர் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் அக்கா, வாங்கோ." வெளியே மழை. பஸ் நிறுத்தத்தில் ஏன் என்று கேட்டேன், வீட்டில் காட்டுகிறேன் என்றாள். வீட்டில் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து காட்டினாள். பொது நிதி எதையும் நாடக்கூடாது என்று ஒரு வரி.

"இதுதான் அக்கா. பெனிபிட் எண்டு அரசாங்கம் தாற காசு ஒண்டும் எடுக்கக்கூடாது. இன்னும் ஆறு மாசத்தில நிரந்தர விசாவுக்குப் போடோணும். ஃபோம் நிரப்பிற அண்ணை சொன்னவர், சும்மா தாற ஒரு சாமானையும் கையால தொட்டிடாதையுங்கோ எண்டு. கொம்பியூட்டர்ல பதிஞ்சிடுமாம். பிறகு என்னைத் திருப்பி அனுப்பினா பிள்ளையள் என்ன செய்யும்?"

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப டாக்டர்கிட்ட போனேன்னு சொன்னியேம்மா, அது சும்மாதானே?"

"அது வருத்தம் அக்கா. வருத்தத்துக்குப் பார்க்கலாம்." அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். "இது வருத்தமில்லைத்தானே?"

ஏதோ நான் எழுதிய கடிதத்தை யாரோ எனக்கே திருப்பிப் படித்துக் காட்டியது போல இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வாக்கியத்தை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பெண் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, எண்ணி எண்ணி மாத்திரை விழுங்குவதை அன்றுதான் பார்த்தேன். என் வேலை என்ன என்று அவளிடம் சொல்லவில்லை. ஏதோ ஆபீஸ் என்பதோடு சரி.

குகனிடம் பேசிப் பார்க்கலாமே என்றேன். "இவருக்குச் சொன்னா பயந்திடுவார். ரெண்டு வேலை செய்யிற மனிசன். இது பொம்பிளையளின்ர விசயமெண்டு என்னட்ட விட்டிட்டார்" என்று முடித்துவிட்டாள்.

புதன்கிழமை பயிற்சியில் ஒன்றும் காதில் ஏறவில்லை. என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஒன்று உண்டு. ஒரு விண்ணப்பம் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது விலக்குப் பட்டியல். அதில் இருந்தால் தள்ளுபடி. அதில் இல்லாததைத் தள்ளுபடி செய்ய எவனுக்கும் அதிகாரம் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பேன். பாஸ்போர்ட்டில் பொது நிதி என்று போட்டிருக்கிறானே, அந்தப் பொது நிதி எது எது என்று ஒரு பட்டியல் எங்காவது இருந்தே ஆகவேண்டும். பட்டியல் இல்லாமல் எந்த சர்க்காரும் மறுக்காது.

மாலையில் இல்ஃபோர்ட் நூலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கு வரிசை. எனக்கு முன்னால் ஒரு போலந்துக்காரர் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார், ஒரு விரலால். அவர் எழுந்ததும் உட்கார்ந்தேன். குடிவரவு விதிகளில் தேடித் தேடி, கடைசியில் பட்டியல் அகப்பட்டது. வீட்டு வாடகை உதவி, வேலையில்லாதோர் உதவி, குழந்தைகள் பேரில் வருகிற உதவி என்று நீண்டு போனது. மூன்று தரம் படித்தேன். ஆஸ்பத்திரி இல்லை, டாக்டர் இல்லை, கருத்தடை இல்லை. இன்னொரு பக்கத்தில், குடும்பக் கட்டுப்பாடு வெளிநாட்டாருக்கும் இலவசம் என்றே போட்டிருந்தது. அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தேன். பட்டியலைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை.

மலரிடம் காட்டினேன். படித்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் நம்பிக்கை வரவில்லை. "அண்ணையிட்ட ஒருக்காக் கேப்பம்" என்றாள்.

வியாழக்கிழமை அண்ணையைப் பார்க்கப் போனோம். அவருக்கு மளிகைக்கடை. முன்னால் கருவேப்பிலையும் முருங்கைக்காயும், பின்னால் ஒரு மேஜை. விசா, பள்ளிக்கூடம், கவுன்சில், எந்தப் படிவமானாலும் அந்த மேஜையில்தான் நிரப்புவார். காசு வாங்குவதில்லை, அரிசி வாங்கினால் போதும். நல்ல மனுஷர்தான். என் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். எனக்கு ஒரு டீயும் வரவழைத்தார். எதற்காகக் கேட்கிறோம் என்று அவரிடம் சொல்ல முடியாமல் மலர் பச்சைமிளகாய்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் ஒரு விஷயம் என்று மட்டும் நான் சொன்னேன்.

"இதில இல்லையெண்டது சரி" என்றார் அண்ணை. "ஆனா தங்கச்சி, ஒண்டும் எடுக்காம விட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது. இவ ரெண்டு கிழமையில போயிடுவா. நாளைக்குக் கேஸ் பழுதானா ஆர் பதில் சொல்லுறது? பத்து வருஷமா இந்த மேசையில இருக்கிறன். சட்டத்தில இருக்கெண்டு சொல்லி அடி வாங்கின ஆக்களைக் கனக்கப் பாத்திட்டன்."

நான் வந்துபோகிறவள்தான். நானும் பாதுகாப்புக்காக இல்லை என்று சொல்லிப் பழகியவள்தான். ஒரு விண்ணப்பத்தில் சந்தேகம் என்றால் மறுத்துவிடு, வேண்டுமானால் மேலே போகட்டும் என்பது எங்கள் ஆபீஸிலும் வழக்கம். மறுத்ததற்காக யாரும் மெமோ வாங்கியதில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மலர் வேலையில் இறங்கினாள். மூத்தவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். சின்னவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். நான் பிள்ளைகளின் அறைக்குப் போய்ப் படுத்தேன். முதுகு வலித்தது. ஒரு பொட்டலத்தைப் பெட்டியில் வைத்திருந்தால் இந்த நாலு நாளும் எனக்கு ராணியின் அரண்மனையும் பெரிய கடிகாரமும் என்று போயிருக்கும். அதை நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மலர் கோட்டும் தலைக்குத் துணியுமாக வாசலில் நின்றாள். சின்னவன் தள்ளுவண்டியில். "கடைசிக் குளிசையைப் போட்டிட்டன் அக்கா" என்றாள். "நீங்கள் வாறியளோ?" பயிற்சிக்குப் போன் செய்து வயிற்றுவலி என்றேன். அலுவலக வாழ்க்கையில் என் முதல் பொய் லீவு.

86-ஆம் நம்பர் பஸ். மானர் பார்க்கில் நிறுத்தி, இது இத்துடன் முடிகிறது, இறங்குங்கள் என்றான் டிரைவர். ஏன் என்று கேட்டேன். தெரியாது, எனக்குச் சொன்னார்கள், உங்களுக்குச் சொல்கிறேன் என்றான். நம் ஊர் டெப்போ கண்டக்டர்களின் ஒன்றுவிட்ட சகோதரனாக இருக்கவேண்டும். சாரல் மழையில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஓரிடத்தில் மலர் நின்றாள். "பாஸ்போர்ட் கேட்டா நான் திரும்பி வந்திடுவன்" என்றாள். "சரிம்மா, கேட்டா திரும்பிடலாம்" என்றேன்.

கேட்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் பெயர், பிறந்த தேதி, அவ்வளவுதான் கேட்டாள். வீட்டுக்குக் கடிதம் போடலாமா, வேண்டாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றாள் மலர். கைப்பைக்குள் பாஸ்போர்ட்டைப் பிடித்திருந்த கையை அவள் வெளியே எடுக்கவே இல்லை. எங்களுக்கு எதிரில் பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பெண்கள், ஒருத்தி மற்றவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பத்திரிகைகள் கத்துவது இவர்களைப் பற்றித்தான் போலும். பார்த்தால் பரீட்சைக்குக் காத்திருக்கிறவர்களைப் போல இருந்தார்கள்.

நர்ஸம்மா ஜமைக்காக்காரி, நல்ல ஆகிருதி, நிதானமான கை. இரத்த அழுத்தம் பார்த்தாள், எடை பார்த்தாள், சிறுநீர்ப் பரிசோதனை செய்தாள். சின்னவன் பிறந்த கதையை நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க எழுதிக்கொண்டாள். மாத்திரை, ஊசி, கருப்பையில் வைப்பது, நிரந்தர ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாகப் படம் காட்டிச் சொன்னாள். ஆபரேஷன் என்றதும் மலர் நிமிர்ந்தாள்.

"அக்கா, கேளுங்கோ. இவற்ற கையெழுத்து எந்த இடத்தில வேணும்?"

கேட்டேன். நர்ஸுக்குப் புரியவில்லை. யாருடைய கையெழுத்து என்றாள். கணவருடையது என்றேன். எதற்கு என்றாள். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. "நோயாளி இவள். இவள்தான் கையெழுத்துப் போடவேண்டும்" என்றாள். அதை நான் தமிழில் சொன்னபோது மலர் நம்பாமல் நர்ஸின் முகத்தையே பார்த்தாள்.

ஆபரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இன்றைக்கே போடலாம் என்றாள் நர்ஸ். மலர் கையை நீட்டினாள். இடுப்பில்தான் என்றதும் முதல் முறையாகச் சிரித்தாள். ஊசியைத் தயார் செய்துகொண்டே நர்ஸ் என்னிடம் பேச்சுக்கொடுத்தாள். "நன்றாக மொழிபெயர்க்கிறீர்கள். நீங்களும் எங்கள் துறையா?" இல்லை, மருத்துவ இன்ஷூரன்ஸ், யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று முடிவு செய்கிறவள் என்றேன். சொன்ன பிறகுதான் மலருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும் என்பது நினைவுக்கு வந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மணி பதினொன்று. ஒன்றரை வருஷப் பயம் நாற்பது நிமிஷத்தில் தீர்ந்திருந்தது. ஒரு கடையில் சின்னவனுக்கு வாழைப்பழம் வாங்கினோம். மலர் இரண்டு மூன்று தடவை திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். "வீட்டில இருந்து ஒரே பஸ் அக்கா, ஒரே பஸ். ஒவ்வொரு மாசமும் செத்துச் செத்துப் பிழைச்சனான்." கைக்குட்டையைக் கொடுத்தேன். முன் இருக்கைக் கிழவி திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதவளைப் போலத் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மலர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கட ஒபிசில இந்த ஊசிக்குக் காசு குடுப்பியளோ?"

"இல்லம்மா."

"ஒப்பரேஷனுக்கு?"

"அதுக்கும் இல்ல."

"ஏன்?"

பொய் சொல்லியிருக்கலாம். வேறு டிபார்ட்மெண்ட் என்று தள்ளிவிட்டிருக்கலாம். அன்றைக்கு ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, இரண்டாவதுக்குத் தெம்பு இல்லை. "அது நோய் இல்லன்னு எழுதுவோம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒரு விஷயம் இப்போதுதான் விளங்கியது போன்ற பார்வை. சின்னவனின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நான் அதை எனக்கு மட்டும்தான் சொன்னனான் அக்கா. நீங்கள் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பியள்?"

பெரம்பூர் டீச்சர் ஒருத்தி. கருக்குழாய் கட்டிய இடத்தில் சீழ் வைத்து, மூன்று தடவை மேல்முறையீடு எழுதியவள். ஆவடியிலிருந்து கைக்குழந்தையோடு நேரில் வந்து நின்ற ஒருத்தி. செங்கல்பட்டில் ஒரு வங்கி ஊழியை, அவளுக்குப் பதில் போகும்போது அவளே உயிரோடு இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து வரிசையாக எண்ணத் தொடங்கினேன். பஸ் செவன் கிங்ஸ் வந்து நின்றது. நான் முதல் வருஷத்தைக்கூடத் தாண்டவில்லை.